ஐந்தாவது பெயர்

சனிக்கிழமை, கிள்ளான்.

பாட்டிக்கு இன்று முதல் வருட நினைவு ஜெபம். பெரியப்பா வீட்டு ஹாலில் உட்கார இடமில்லை. கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்பது பிள்ளை பெற்றவள் பாட்டி. தினமும் ஜெபமாலை முடிந்ததும் ஒன்பது பேரையும் மூத்தவரிலிருந்து வரிசையாகப் பெயர் சொல்லி மாதாவிடம் ஒப்புக்கொடுப்பாள்.

"கடைசி வரைக்கும் நீதானே பாட்டிகூட இருந்தே. இன்னைக்கு நீ சொல்லும்மா," என்றார் பெரியப்பா.

ஐந்தாவது பெயர் ரோஸி அத்தை. மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டவள். பாட்டியைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. நான்கு பெயர் சொன்னதும் பெரியப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முப்பத்தாறு வயது எனக்கு. ஒரு பார்வைக்குப் பயந்து ஆறாவது பெயருக்குத் தாவிவிட்டேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

சாப்பிட எழுந்தபோதுதான் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே அத்தை நின்றிருந்தாள். வாசல் கதவு முழுக்கத் திறந்துதான் கிடந்தது. ஓடினேன்.

"உள்ள வாங்க அத்தே."

"பரவால்ல லா. அம்மா எங்க ஒன்பது பேரையும் சொல்றத கேட்டு ரொம்ப நாளாச்சு, அதான் வந்தேன். உன் குரல் அப்படியே அம்மா குரல்."

என் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் ஒன்பது பேரையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆமென் சொல்லத்தான் யாருமில்லை.