படிக்காமல் நூற்று எண்பத்தெட்டு

9 ஜனவரி 1955, ஞாயிறு

பாடாங் செராய் போய் வந்தேன். யஹ்யாவின் வாப்பா கடை மாடியில் மூன்று மணி நேரம். கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்திருந்தார்கள். தும்மித் தும்மிப் படித்தோம்.

போன வருடம் எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதினோம். நான்கு தாள். மொத்தம் இருநூறு வந்தால் சிங்கப்பூர். யஹ்யா 181. நான் 188. பிரேமாவதி 214.

அவள் அங்கே. நாங்கள் மிளகாய் நெடியில்.

இரண்டு முறைதான் எழுத விடுவார்கள். ஜூனில் இரண்டாவது.

போன முறை நான் புத்தகத்தைச் சரியாகத் தொடவே இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை புதிது. விடியுமுன் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட வேண்டும், பத்து மணிக்குப் பால் நிறுக்க வேண்டும். படிக்காமல் 188. படித்தால் எத்தனை?

23 ஜனவரி

பிரேமாவதியிடமிருந்து கடிதம் இல்லை. பதினேழு நாள்.

6 பிப்ரவரி, ஞாயிறு

வந்துவிட்டது. இரண்டு பக்கம். நூலகத்தின் மேல்மாடி சன்னலிலிருந்து மழை வருவது தெரியுமாம். வருவதற்கு முன்பே தெரியுமாம். ‘நீங்களும் யஹ்யாவும் இருந்திருந்தால்’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்காமல் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

யஹ்யாவின் பெயரும் இருக்கிறது. இருக்கட்டும். என் பெயர் முதலில் இருக்கிறது.

பீடோங் பஸ்ஸில் இரண்டு வருடம் அவளுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அவள் அப்பா ரயில்வே குமாஸ்தா. எங்கள் தொழிலாளர் லயத்திலிருந்து அவர்கள் வீடு ஐந்து மைல். சிங்கப்பூர் எத்தனை மைல் என்று பூகோளப் புத்தகத்தில் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

13 மார்ச், ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன்.

பத்து வருடத்துச் சரித்திரக் கேள்வித்தாள்களையும் பரப்பி வைத்தேன். ஒரு முறை வந்த கேள்வி அடுத்த வருடம் வருவதே இல்லை. இரண்டு வருடம், சில சமயம் மூன்று வருடம் ஓய்வு. பிறகு திரும்ப வருகிறது. மரத்தை நாங்கள் வைத்திருக்கிற முறைதான்! இந்த நிரை இன்று வெட்டு, அந்த நிரைக்கு ஓய்வு. மாதா மாதம் ஆபீசில் அந்த அட்டவணையை எழுதுகிறவனே நான்தான். சரித்திரத்துக்கும் அப்படியே ஒன்று போட்டேன். சிவப்பு மையில் வெட்டு, நீல மையில் ஓய்வு. போன வருடம் வந்தது பிரெஞ்சுப் புரட்சி, ஆகவே நீலம். பதினெட்டுப் பாடம் ஏழாகச் சுருங்கிவிட்டது. மிச்ச நேரம் பூகோளத்துக்கு.

யஹ்யா அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

“டேய் மனோ, கேள்வி எடுக்கிற வெள்ளைக்காரன் உன் தோட்டத்துல பால் வெட்டுறானா? ஒருநாள் விட்டு ஒருநாள் வர்றதுக்கு?”

“பத்து வருஷத்துக் கணக்குடா.”

“கணக்கு உங்கிட்டயே இருக்கட்டும்லா. நான் முதல் பக்கத்துலேர்ந்து வர்றேன்.”

அவன் இன்னும் நான்காம் பாடத்தில் இருக்கிறான். சத்தம் போட்டு, கழுதை மாதிரி. ஜூனுக்குள் முடிக்க மாட்டான்.

14 ஏப்ரல்

வருடப் பிறப்பு. அம்மா பாயசம் வைத்தாள். “போயிடுவியா?” என்று கேட்டாள். “பாஸ் ஆனாத்தானே” என்றேன். “ஆயிடுவே” என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, இல்லையா? முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

போனால் இவள் தனியாள். அது தெரிந்தும் போகத்தான் ஆசைப்படுகிறேன். இதை எழுதி வைக்கிறேன். மறுக்க முடியாதபடி.

9 மே, திங்கள்

ரப்பர் விலை ஏறுகிறது. துரை உத்தரவு: ஓய்வு நிரைகளையும் வெட்ட வேண்டும். தினமும், எல்லா மரமும். நான் எழுதிய அட்டவணையை என் கண் முன்னாலேயே மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

பெரட்டில் சொன்னபோது முணுமுணுப்பு. “மாரியம்மா” என்று கூப்பிட்டேன். அம்மாவின் பெயரை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

“இருக்கேன் கிராணியாரே. நேத்துத்தான் வெட்டுன மரம். இன்னிக்கும் பால் குடுன்னா குடுக்குமா? நீங்க வந்து கேட்டுப் பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பகலில் ஸ்டோருக்குப் பின்னால் உட்கார்ந்து வியன்னா மாநாட்டை மூன்றாம் முறை எழுதிப் பார்த்தேன். நாற்பது நிமிடம். ஒரு வரி பிசகவில்லை.

29 மே

அவள் கடிதம். அக்டோபரில் புதியவர்கள் வரும்போது ரயிலடிக்கு யாராவது போய் அழைத்து வருவது அங்கே வழக்கமாம். ‘இந்த வருடம் நான் பேர் கொடுத்திருக்கிறேன்.’

ஐந்து முறை படித்தேன். சரித்திரத்தை அல்ல.

7 ஜூன், செவ்வாய். பினாங்கு

காலையில் பூகோளம். நன்றாக எழுதினேன். கை தானாக ஓடியது. நேற்று இங்கிலீஷ், கட்டுரை இரண்டும் பரவாயில்லை.

பிற்பகல் சரித்திரம்.

முதல் கேள்வி பிரெஞ்சுப் புரட்சி.

போன வருடம் கேட்டதையே. ஒரு சொல்கூட மாற்றாமல். எப்படிக் கேட்பான்? பத்து வருடம் ஒரு தடவைகூட— மேலும் கீழும் பார்த்தேன். நான்கு எழுத வேண்டும். என் ஏழில் வந்திருப்பது ஒன்றே ஒன்று. வியன்னாவும் இல்லை, இத்தாலியும் இல்லை. போன வருடம் அந்தப் புரட்சியைப் பற்றி நான் ஏதோ எழுதினேனே, என்ன எழுதினேன்? ஓய்வு கொடுத்து ஓய்வு கொடுத்து அதுவும் போய்விட்டது. மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முன்வரிசையில் யஹ்யாவின் முதுகு. உதடு அசைவது கன்னத்தில் தெரிந்தது. எழுதிக்கொண்டே இருந்தான்.

8 ஜூன்

திரும்பும் படகில் யஹ்யா வேர்க்கடலை வாங்கிப் பாதியைத் தந்தான்.

22 ஆகஸ்ட், திங்கள்

வந்துவிட்டது.

இங்கிலீஷ் 55. போன வருடம் 52.
கட்டுரை 51. போன வருடம் 47.
பூகோளம் 53. போன வருடம் 43.
சரித்திரம் 38. போன வருடம் 46.

மொத்தம் 197.

யஹ்யா 206. சைக்கிளில் வந்திருந்தான். தன்னுடையதைச் சொல்ல அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரிக்க வைக்கிற பழக்கத்தில், “பாருடா, ரொம்பப் படிச்சதுதான் குறைஞ்சிருக்கு. இதையும் படிக்காம விட்டிருந்தா டாக்டராயிருப்பே” என்றான். சொன்னபிறகு அவன் முகம் போன போக்கு. நான்தான் சிரித்துச் சமாளித்தேன்.

24 ஆகஸ்ட்

சரித்திரத்தைத் தொடாமலே போயிருந்தால் பழைய 46 வந்திருக்கும். மொத்தம் 205. யஹ்யாவுக்கு ஒன்று குறைவு. அவ்வளவுதானே வித்தியாசம்?

படித்தால் ஏறுமா? ஏறுகிறது. பூகோளத்தில் பத்து. நான் புத்தகத்தைப் படித்த இடத்திலெல்லாம் ஏறியிருக்கிறது. சரித்திரத்தில் மட்டும் கேள்வி எடுக்கிறவனைப் படித்தேன். யாருகிட்ட சொல்லி அழ? நானேதான் போட்டேன், நானேதான் மை தொட்டு எழுதினேன், சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு— போதும்.

11 செப்டம்பர்

அம்மா கேட்கவே இல்லை. இன்று பால் நிறுக்கும்போது வாளியைத் தராசில் வைத்துவிட்டு, என் சட்டையில் ஒட்டியிருந்த ரப்பர் நூலை எடுத்துப் போட்டாள். எல்லோரும் பார்க்க. பெரட்டிலோ ஸ்டோரிலோ அவள் என்னைத் தொட்டதே கிடையாது.

பிரேமாவுக்கு இன்னும் எழுதவில்லை.

2 அக்டோபர், ஞாயிறு

சுங்கை பட்டாணி ஸ்டேஷன். யஹ்யாவின் வாப்பா, உம்மா, கடைக்காரர்கள், ஒரு பாயில் சுற்றிய படுக்கை, இரண்டு டின் முறுக்கு. அவன் கோட்டு அக்குளில் பிடித்தது.

வண்டி ஊதியபிறகு என்னைத் தனியாக இழுத்தான்.

“பிரேமா ரயிலடிக்கு வருவாங்கடா. உன்னைத்தான் கேப்பாங்க. என்ன சொல்ல?”

“நல்லாயிருக்கான்னு சொல்லு.”

“மார்க்கும் கேப்பாங்கடா. மூணுல போச்சுன்னு சொல்லவா?”

“முப்பதுன்னு சொல்லு.”

“ஏன்டா?”

“முப்பதுன்னா யாருக்கும் கஷ்டமா இருக்காது.”

அவன் என்னைப் பார்த்தான். கேலி செய்யவில்லை. “சரி, முப்பது” என்றான். ஏறிக்கொண்டான். உம்மா ஓதிக்கொண்டே பெட்டியோடு நாலடி நடந்தார்.

முப்பது என்றால் அவள் ஐயோ என்பாள், அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். அதுதான் நல்லது. அப்படி நினைத்துத்தான் சொன்னேன். கடைசிப் பெட்டி வளைவில் திரும்பும்வரை நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

பீடோங் பஸ்ஸில் வரும்போதுதான் வேறொன்று தோன்றியது. வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவன் மறந்து மூன்று என்றே சொல்லிவிடட்டும்.