‘வாரேன்’ என்பது பிழையாம் மதினி

என் பிரியமான மதினிக்கு,

நலமா என்று கேட்க முடியாது. அதனால் நேராகச் சண்டைக்கே வருகிறேன். நீங்கள் போய் ஏழு மாதம்கூட ஆகவில்லை, உங்கள் மொழிபெயர்ப்பில் கைவைத்துவிட்டார்கள்.

எண்பது தொகுதி தாண்டியும் முடியாத ‘மாங்கா’ என்கிற அந்த ஜப்பானியப் படக்கதையில், கோட்டைவாசல் காவல்காரி இரண்டே பக்கம் வந்து செத்துப்போவாள். அவளுக்கென்று கிளைக்கதையாக, லைட் நாவல் என்கிறார்களே, அப்படியொரு குட்டி நாவல் தனியாக வந்திருப்பதைக் கண்டுபிடித்ததே நீங்கள்தான். யாரோ ஒரு ரசிகர் இங்கிலீஷில் பெயர்த்துப் போட்டதை, திருவாடானையிலிருந்து இராமநாதபுரம் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, போனிலேயே தமிழாக்கினீர்கள்.

எனக்காகத்தான் தொடங்கினீர்கள். இங்கிலீஷ் என்றால் எனக்கு நாலாவது வரியில் கொட்டாவி வந்துவிடும். சாயங்காலம் நான் மிளகாய்க்குக் காம்பு கிள்ள, நீங்கள் வாசிப்பீர்கள். அழுகை வந்தால் மிளகாய் மேல் பழியைப் போட்டுக்கொள்வோம்.

பிறகு அதை இணையத்தில் ரசிகர் குழுவிலும் போட்டீர்கள். எழுதியவரிடம் கேட்காமல் எடுத்த கதைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ் உங்களுடையது இல்லையா?

கடைசி அத்தியாயத்தில் காவல்காரி தங்கையிடம் சொல்லிக்கொண்டு சண்டைக்குக் கிளம்புவாள். அவள் திரும்பமாட்டாள் என்பது மாங்கா படித்த எல்லோருக்கும் தெரியும். இங்கிலீஷில் ‘நான் போகிறேன்’ என்றுதான் இருந்தது. நீங்கள் ‘வாரேன்’ என்று எழுதினீர்கள். அன்றைக்கு மிளகாயைச் சொல்லி என்னால் தப்பிக்க முடியவில்லை.

போன வாரம் குழுவில் ‘திருத்திய பதிப்பு’ வந்தது. குழுவை நடத்துகிறவர் காவல்காரியின் பேச்சையெல்லாம் செய்தி வாசிப்பதுபோல் ஆக்கிவைத்திருக்கிறார். ‘வாரேன்’ இருந்த இடத்தில் ‘நான் செல்கிறேன், விடைபெறுகிறேன்’. கீழே ஒரு குறிப்பு வேறு: சாகப்போகிறவள் வருகிறேன் என்பது பொருட்பிழையாம், வட்டார வழக்கு நீக்கப்பட்டதாம். வாசலில் நின்று யாராவது போறேன் என்று சொல்வார்களா மதினி? சொன்னால் வீட்டில் சும்மா விடுவார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பொம்மைக் கதைக்கா இம்புட்டுக் கோவம்?” என்று அண்ணன் கேட்டான். திருத்திய பக்கத்தைக் காட்டினேன். வாங்கி மெதுவாகப் படித்தவன், “அவ இப்படிப் பேச மாட்டாளே” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டான்.

குழுவில் நாலு பத்தி எழுதிப்போட்டேன். “மொழிபெயர்த்தவங்களுக்கு ஆட்சேபணை இருந்தா, அவங்களையே வந்து பேசச் சொல்லுங்க” என்று குழுவை நடத்துகிறவர் பதில் போட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. நீங்கள் இல்லை என்பதை என் விரலாலேயே தட்டி அனுப்பினேன். அதற்காகவும் அவரை மன்னிக்க மாட்டேன்.

பாவம், பதறித்தான் போனார். முதல் பக்கத்தில் உங்கள் பெயரோடு கண்ணீர் அஞ்சலி போட்டுத் தருகிறேன் என்றார். அந்தச் சொல்லை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அது பிழைதானாம், மாற்ற முடியாதாம்.

மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்து நீங்கள் என்ன சொன்னீர்கள்? “வாரேன்த்தா, காயிற மிளகாய அள்ளிரு.” அதையும் இந்த மனிதர் திருத்துவாரா? திரும்பமாட்டோம் என்று தெரிந்துதான் சொன்னீர்களா மதினி? தெரியாமல் சொன்னீர்களா?

உங்கள் போனிலிருந்த பழைய கோப்பை, ஒரு எழுத்து மாற்றாமல், உங்கள் பெயரிலேயே வேறு இடத்தில் ஏற்றிவிட்டேன். நீங்கள் தொடங்கிய இரண்டாவது நாவல் பாதியில் நிற்கிறது. மீதியை நான் முடிக்கிறேன், அகராதியோடும் கொட்டாவியோடும். இது சத்தியம். என் தமிழில் பிழை நிறைய வரும். திருத்த வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். பதில் சொல்ல நான் உயிரோடு இருக்கிறேன்.

இன்னும் கோபம் தணியாத,
உங்கள் நாத்தனார்