ஒரே கண்ணாடியில் இரண்டு துளி

சேசு மரி சூசை

கண்டி,
1881 யூலை 9.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் டொக்டர் துரைக்குப் படம் வரைந்துகொண்டிருக்கும் என் அன்புள்ள அத்தானுக்கு, உங்கள் மனைவி பெற்றீசியா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகம் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

மே பிறந்து மாதாவின் வணக்கமாதம் தொடங்கியபோது போனீர்கள். கோப்பி இலையில் விழுந்த நோயை வரைய இருபது நாள் போதும் என்றீர்கள். இப்போது இலையை விட்டு இரத்தத்துக்கு வந்துவிட்டீர்கள். தவளை, கோழி, மீன் இவற்றின் இரத்தத்தைத் துரையின் குழாய் வைத்த பூதக்கண்ணாடியில் பார்த்தால், சின்னச் சின்ன வில்லைகளும், கோப்பிப் பழத்துக்குள் கொட்டை இருப்பதுபோல ஒவ்வொரு வில்லைக்குள்ளும் ஒரு வித்தும் தெரியுமாம். மாட்டுக்கும் மனிதருக்கும் அந்த வித்து கிடையாதாம். ஆதியில் எல்லா உயிருக்கும் இருந்தது, நாம் வந்த வழியில் எங்கோ தொலைந்தது என்று துரை சொல்கிறாராம். இதைப் பங்குச் சுவாமியாரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. கொல்லையில் கிளறுகிற கோழிக்கு உண்டு, எனக்கு இல்லை என்பது மட்டும் புரிந்தது.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். கடிதம் இரண்டு பக்கம். அதில் துரையின் தங்கை ஏழு இடத்தில் வருகிறாள். வர்ணம் குழைக்கிறாள், விரல் நடுங்காமல் கோடு இழுக்கிறாள், உங்கள் படங்களை மெச்சுகிறாள். நான் ஒரே இடத்தில் வருகிறேன், அதுவும் ஒரு துளியாக. புறப்பட்ட அன்று, துரையின் கண்ணாடியில் பார்க்கலாம் என்று விளையாட்டாக என் விரலை ஊசியால் குத்திக் கண்ணாடித் துண்டில் எடுத்துப்போனீர்களே, அதன் பக்கத்தில் அவளுடைய துளியையும் வைத்துப் பார்த்தீர்களாம். எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லையாம். கட்டியவளுக்கு எழுதுகிற சங்கதியா இது? எது என் துளி என்று துரைக்குத் தெரியாமல் போகட்டும். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் பசுவின் வயிற்றிலிருந்து எடுத்த கையளவு கன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிறவாத அதன் இரத்தத்தில் மட்டும் வித்து இருந்ததாம், பிறக்குமுன் அது போய்விடுமாம். அந்த வரியை மூன்று முறை வாசித்தேன்.

நேற்றுப் பக்கத்து வீட்டு வீரம்மா கோப்பி வறுத்தாள். எனக்கு எவ்வளவு பிடித்த வாசனை! நேற்று அது மூக்கில் ஏறியதும் கிணற்றடிக்கு ஓடினேன். அவள் பின்னாலேயே வந்து முதுகைத் தடவி, வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டாயா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

என் இரத்தத்தில் வித்து இல்லை, துரையின் தங்கை இரத்தத்திலும் இல்லை. ஆனால் அது இருக்கும் இரத்தம் கொஞ்சம் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது, அத்தான். அதுவும் நாள் போகப் போக எங்களைப் போல ஆகிவிடும்.

தேவமாதா உங்களைப் பத்திரமாகக் கண்டிக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது என் துளியை அங்கே அவளுடையதன் பக்கத்தில் விட்டுவிடாமல் எடுத்து வாருங்கள்.

உங்கள்,
பெற்றீசியா.