ஜெபம் வராத ஞாயிறு

திருப்பூர் பனியன் கம்பெனியின் கட்டிங் மிஷினில் ஜெபசிங்கின் வலதுகை விரல்கள் இரண்டு போய் நாற்பது நாளாகிறது. "இனிமே இந்த வீட்டுல ஜெபம் கிடையாது" என்று சனிக்கிழமை இரவு மனைவி எஸ்தர்ராணியிடம் கத்தியிருந்தான்.

ஞாயிறு காலை அவன் தூங்கும்போதே எஸ்தர்ராணி கிளம்பினாள். 2007 காலண்டரின் சனிக்கிழமைத் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினாள்.

"அத்தான், கோயிலுக்குப் போறேன். இட்லி சட்டியில இருக்கு. மாத்திரையை அட்டையிலிருந்து பிரிச்சு வச்சிருக்கேன், அட்டையைப் பல்லால கடிக்காதீங்க."

வாசல்வரை போனவள் மனம் கேட்காமல் திரும்பினாள்.

"உங்களுக்கு விசுவாசமே இல்லைன்னு நேத்து சொன்னது தப்பு."

செருப்பை மாட்டினாள், மறுபடி கழற்றினாள். அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தாக நெருக்கினாள்.

"உங்களுக்கு அடிபட்டதிலிருந்து எனக்கும் ஜெபம் வரலை. முழங்கால் போட்டா கோவம்தான் வருது. ஆனாலும் போறேன். அந்தக் கோவத்தை ஆண்டவர்கிட்டதான சொல்லணும்?"

பேனாவை மூடாமலே பஸ்ஸுக்கு ஓடினாள். ஆராதனை முழுக்க, எழுதியிருக்கக் கூடாதோ என்று தவித்தாள்.

மதியம் திரும்பியபோது அவன் வீட்டில் இல்லை. தாள் மட்டும் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தேதியின் மேலேயே இடதுகையால் கோணலாக எழுதியிருந்தான்.

"டீக்கடைக்குப் போறேன். அடுத்த வாரம் என் கோவத்தையும் சேர்த்துச் சொல்லு."