அரக்கில் கலந்த அரை டம்ளர் தண்ணீர்

ராஜகீழ்ப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வினிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். கனடாவில் கால்கரியில் நீயும் மாப்பிள்ளை தினகரனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று போன வாரம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் விளக்கு போட்டுவிட்டு வந்தோம். நான் சௌக்கியம் என்று எழுதியதை நீ அம்மாவிடம் தனியாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வாய் என்று தெரியும், கேட்டுக்கொள். போனில் பேசலாம்தான், ஆனால் வீடியோவில் நீ என் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறாய், அம்மா பக்கத்தில் நின்று என் நாக்கு குழறுகிறதா என்று கவனிக்கிறாள், இரண்டு இன்ஸ்பெக்டர்களுக்கு நடுவில் மனுஷன் என்னத்தைப் பேசுவது. அதனால் பேப்பரில் எழுதி உனக்கு அனுப்புகிற வடகம், பருப்புப்பொடி பார்சலுக்குள் வைக்கிறேன். பருப்புப்பொடியில் காரம் கொஞ்சம் தூக்கல், பார்த்துச் சாப்பிடு.

பிரசவத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாய், சந்தோஷம். அவளுடைய பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கேட்டாய், அனுப்பினோம். என்னுடையதையும் கேட்பாய் என்று எடுத்து மேலே வைத்துக்கொண்டு பத்து நாள் காத்திருந்தேன், பிறகுதான் டிக்கெட் ஒன்றுதான் என்று விளங்கியது. காரணம் இன்னும் தாமதமாக விளங்கியது. அப்பா மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். மாடி ரூமில் கதவைச் சாத்திக்கொள்கிறார், சாயங்காலம் கண் சிவந்து இறங்கி வருகிறார், சட்டையில் ஸ்பிரிட் வாடை, பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அது மேஜைக்குப் போடுகிற பாலிஷ் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது. சொல்லாதது என் தப்பு, முடித்துவிட்டுக் காட்டி அசத்தலாம் என்று நினைத்தேன், நல்லா அசத்தினேன்.

மாடி ரூம் தேக்கு மேஜை உனக்குத் தெரியும். நீ பிளஸ் டூ படித்தது அதில்தான், நீ புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போன பிறகு நான் உட்கார்ந்ததும் அதில்தான். மேலே வட்டம் வட்டமாக ஏழெட்டு வெள்ளைத் தடம் இருக்குமே, அதெல்லாம் என் கிளாஸ் இருந்த இடம். பேரப்பிள்ளை ஒரு நாள் இங்கே வந்து இது என்ன தாத்தா என்று கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. பாலிஷ்காரர் ஜெயவேலுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது சரக்கு தின்ன எடம் சார், அரக்கு பாலிஷ்ல சரக்கு பட்டா கரைஞ்சிடும், மறுபடி ஸ்பிரிட்டாலதான் சரி பண்ணணும், நமக்குக் கைல நெறைய வேலை கீது, நீங்களே தேய்ங்க, ரிட்டயர்டு ஆளு வேற இன்னா பண்ணப் போறீங்க என்று சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். பழைய பாலிஷைச் சுரண்டித் துடைத்து, உப்புத்தாள் போட்டு, அவல் மாதிரி இருக்கிற அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பாட்டிலில் வடிகட்டி, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் உருண்டையாகக் கட்டி, அதில் தொட்டு எட்டு போடுகிற மாதிரி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும், முந்தின கோட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கதவைச் சாத்தியது தூசி விழக்கூடாது என்று. கண் சிவந்தது ஆவியால்.

நாலாவது நாள் மேஜை மோர் ஊற்றினது போல வெளுத்துவிட்டது. ஜெயவேலுவுக்குப் போன் போட்டால் பனி ஈரம் சார், வெயில் ஏறினப்புறம் தேய்ங்க என்றார். வெயில் ஏறியும் தேய்த்தேன், வெளுத்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தேய்த்தேன், அதுவும் வெளுத்தது. தாம்பரம் மார்க்கெட்டில் அரக்கு விற்றவரிடம் போய், கலப்படச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர் என்று பேஜார் பண்ணிவிட்டு வந்தேன், அந்த மனுஷன் பாவம், கையெடுத்துக் கும்பிட்டார். பிறகுதான் பாட்டிலைப் பார்த்தேன். நான் தேய்க்கத் தேய்க்க அளவு குறையவில்லை, ஏறிக்கொண்டு வருகிறது. அட்சய பாத்திரம் என் வீட்டுக்கா வரும். அப்போது பொறி தட்டியது. உன் அம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு தினமும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அரக்கு பாலிஷுக்குத் தண்ணீர் ஆகாது, பட்டால் வெளுத்துவிடும். கேட்டதும் ஒப்புக்கொண்டாள். அந்தக் காலத்துல தெனம் ஊத்துன கைங்க, பாட்டிலைப் பார்த்ததும் தானா போவுது என்றாள். அந்தக் காலத்திலும் ஊற்றியிருக்கிறாள், வினிதா. சரக்கில் வேகமே இல்லை என்று நான் கடையில் சண்டை போட்ட வருடங்கள் எல்லாம் அவள் கைங்கரியம். மரத்துக்கு நாலே நாளில் தெரிந்தது எனக்குக் குடித்த பத்து வருடத்திலும் தெரியவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு அழுகை வந்தது, அப்புறம் அவள் சிரித்தாள், நான் அழுதேன்.

ஆக, அப்பா யோக்கியன் என்று முடித்துவிடலாம். அம்மாவும் உன்னிடம் அப்படித்தான் சொல்வாள், அதோடு நீ நிம்மதியாகிவிடுவாய். ஆனால் இதையும் தெரிந்துகொண்டு நீ முடிவு பண்ணு. ஸ்பிரிட் கேனில் மண்டையோடு படம் போட்டிருக்கிறது, உள்ளே போனால் கண் போகும், உயிர் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் நாள் மூடியைத் திறந்து அந்த வாடை வந்தபோது கேனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது, அந்த ஒரு நிமிஷத்தில் அது நேற்று மாதிரி இருந்தது. எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருந்தது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரையுங்கள், கரைத்து நாள்பட்டால் காயாது என்று ஜெயவேலு சொல்லியிருந்தார். நான் கேன் முழுக்க அப்போதே அரக்கைக் கொட்டிவிட்டேன். பாதி வீணாகத்தான் போகும், போகட்டும். அரக்கு விழுந்த பிறகு அது மேஜைக்கு மட்டும்தான் ஆகும்.

இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு போடாதே, குளிரில் தனியாக நடக்காதே, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள். நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும். என் பாஸ்போர்ட் ஜெராக்ஸை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று பட்டால் கிழித்துப் போட்டுவிடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன், அம்மாவை நானே மீனம்பாக்கத்தில் ஏற்றிவிடுகிறேன்.

உன் அப்பா,
பொன்னுரங்கம்