மேல் கேலரியில் முதல் கூட்டம்

ஒஹாயோ, அக்டோபர் 1966

அன்புள்ள ஆர்லீன்,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் நின்றதா?

சனிக்கிழமை, நாங்கள் கட்டிய மேல் கேலரியில் முதல்முறையாகக் கூட்டம் ஏறியது. இந்தக் கல்லூரிக் கால்பந்து மைதானத்தில் ஒரு காலத்தில் நாலு வரிசை மரப்பலகைதான் இருந்ததாம். இப்போது அறுபதாயிரம் பேர் உட்காருகிறார்கள். மேஸ்திரி வெர்னன் என்னைக் கேலரிக்கு அடியில் நிறுத்திவிட்டார்.

"போல்ட்டு முறுக்கினவன் நீதானே டெல்பர்ட்? நீயே நின்னு பாரு. ஏதாச்சும் அசைஞ்சா கத்து."

"இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?" என்றேன். சிரித்துக்கொண்டே அவரும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. நம் அணிப் பையன் ஒருவன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மொத்தக் கூட்டமும் குதித்தது. இரும்புத் தூண் என் கைக்குள் நடுங்கியது. பிறகு அடங்கிவிட்டது. வெர்னன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆட்டத்தைத்தான் நான் பார்க்கவே இல்லை. உன் தம்பி ரேடியோவில் கேட்டிருப்பான், விவரம் கேட்டு எழுது.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பு. கடையில் வாங்காதே, நீ பின்னியதுதான் வேண்டும்.

அடுத்த வருஷம் வடக்குப் பக்கத்தையும் உயர்த்தப் போகிறார்களாம். "இருப்பியா?" என்று வெர்னன் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தபால் எடுக்க வந்துவிட்டார்கள். அங்கே இருக்க வேண்டாம், வீட்டுக்கு வா என்று சீக்கிரம் எழுதிவிடு.

உன்
டெல்பர்ட்