சாக்பீஸ் வட்டத்தின் மேல் சிவப்பு

அண்ணாச்சி,

வலது கைக் கட்டைவிரல் நகத்துக்குள் சிவப்பு ஏறிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் குழம்பு வாசத்துக்கு முன்னால் ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாடைதான் மூக்கில் ஏறுகிறது. உங்கள் பட்டறை வாசலில் மொபெட்டை நிறுத்தும்போதே வருகிற அதே வாடை. நம் டிரெய்லரை இன்று காலை பசுவந்தனையில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஜீப்பில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த வண்டியை விற்பதற்குள் என் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டுப் போனது. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி நம்மிடம் வந்த கோலம் உங்களுக்கு மறந்திருக்காது. மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸின் பின்பக்கம், தொட்டிக்குள் வேலிக்கருவை முளைத்து, ஒற்றை அச்சில் சாய்ந்து கிடந்தது. பழைய இரும்பு வியாபாரிக்கு வேறென்ன தோன்றும்? வெட்டி எடைக்குப் போட்டுவிடலாம் என்று இழுத்து வந்தேன். நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். குனிந்து அச்சைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டீர்கள்.

"வே பாய், இத வெட்டுனீருன்னா உம்ம கடை வாசல்ல கால் வைக்க மாட்டேன், பாத்துக்கிடும்."

மழைக் காலத்தில் டிராக்டரே இறங்கத் தயங்குகிற கரிசலில் போய் வருகிற வண்டி ஒன்று செய்யவேண்டும் என்று உங்களுக்கு ரொம்ப நாளாக ஆசை. அச்சை உயர்த்தினீர்கள், அகலமான டயர் போட்டீர்கள். மட்கார்டு வைக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வண்டி என்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்று நான் குதித்தேன். "லட்சணமாத்தான் இருக்கும். நம்ம மண்ணு அதுக்குள்ள போயி அடைச்சுக்கிட்டா சக்கரம் சுத்துமா வே? விக்கிற அவசரம் உமக்கு" என்று சிரித்தீர்கள். அன்றைக்கு உங்கள் காதில் செருகியிருந்த சாக்பீஸ் துண்டு கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தச் சாக்பீஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வண்டியை ஜீப்போடு சேர்க்கிற முன்சட்டத்தை நீங்கள் ஏர்க்கால் என்றுதான் சொல்வீர்கள். அதை எடுத்ததும் முழுசாகப் பற்றவைக்க மாட்டீர்கள். நாலு இடத்தில் பொட்டுப் பொட்டாக நெருப்பு வைத்து நிறுத்துவீர்கள். மழை விழுந்த பிறகு வெறும் வண்டியாகச் சேற்றில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பீர்கள். கரிசல் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிராகக் கொஞ்சம் திருப்பி, அதற்குப் பிறகுதான் முழு வேலை. அதுவரை ஏர்க்கால் சேர்கிற அந்த மூட்டு இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருக்கும். முடிந்ததும் வட்டத்தைத் துடைத்துவிட்டு ரெட் ஆக்சைடு. "செவப்பு ஏறிட்டுன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல என்கிட்ட கேள்வி கேக்கக் கூடாது" என்பீர்கள். நானும் கேட்டதில்லை.

புரட்டாசியில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலியில் சேர்த்தோம். ஆயுதபூஜை நெருங்கியதும் மதினியை நீங்களே கட்டாயப்படுத்தி ஊருக்கு அனுப்பினீர்கள். "பட்டறையில வெளக்கேத்தாம இருக்கக் கூடாது, நீ போ. இங்கன பாய் இருக்காரு." அந்த நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். கடம்பூர் போளி வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியாமல் கெஞ்சினீர்கள். வாங்கித் தரவில்லை. இன்றைக்கு நினைத்தால் ஒரு துண்டாவது பிய்த்துக் கொடுத்திருக்கலாம். கண் விழித்தபோதெல்லாம் "மழை விழுந்துட்டா பாய்?" என்று கேட்டீர்கள். விழவில்லை. மழை வருவதற்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஐப்பசி மழை இறங்கியதும் மதினி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். "அவிய கையால செஞ்ச கடைசி வண்டி. இங்கன கெடந்து துருப்பிடிக்க எனக்கு மனசு கேக்கல. யாராவது ஓட்டட்டும், அண்ணே." நான் போய்ப் பார்த்தேன். தலை முதல் கால் வரை சிவப்பு. ஏர்க்கால் மூட்டிலும் சிவப்பு. நோவு வருவதற்கு முன்னால் ஆவணியில் விழுந்த மழையிலேயே இழுத்துப் பார்த்து எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் சிவப்பை நம்பாமல் வேறு எதை நம்புவது?

பசுவந்தனை சம்சாரி ஒருநாள் காலையில் ஜீப்போடு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பைபாஸுக்கு அந்தப் பக்கம் வண்டிப்பாதையில் இறக்கி ஓட்டிப் பார்த்தால்தான் முடிவு சொல்வேன் என்றார். ஜீப்பில் இருந்த உர மூட்டைகளையும் டிரெய்லரில் தூக்கிப் போட்டுக்கொண்டார். "நல்லா ஏத்துங்க, அண்ணாச்சி செஞ்ச வண்டி" என்று நானே சொன்னேன். அவர் முன்னால் கிளம்பினார். மதினி டீ கொண்டுவந்திருந்தார்கள், குடித்துவிட்டுப் பின்னால் போகலாம் என்று நின்றேன்.

போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே மதினி சொன்னார்கள்: "நல்லா செவசெவன்னு போகுதுல்லா. பூசைக்கு நான்தான் அடிச்சேன், அண்ணே. அவிய ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது பட்டறையே பளிச்சுன்னு இருக்கணும்னு டின்னு டின்னா வாங்கி அடிச்சேன். வந்து பாக்கத்தான் குடுத்து வைக்கல."

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியாது. சூடு கையில் கொட்டியது மட்டும் தெரியும். மொபெட்டை மிதித்தேன். "என்னண்ணே, என்ன ஆச்சு?" என்று மதினி பின்னால் கேட்டார்கள். "கொக்கி ஆணி போட மறந்துட்டேன்" என்று கத்திவிட்டுப் போனேன்.

வழி முழுக்க ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. முடித்தீர்களா, முடிக்கவில்லையா? பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? சம்சாரியின் போனுக்கு அடித்தால் எடுக்கவில்லை. யா அல்லாஹ், மூட்டையோடு போகட்டும், ஆள் மேல் எதுவும் வேண்டாம் என்று வாய்விட்டே கேட்டேன்.

வண்டிப்பாதை வளைவில் திரும்பினால், டிரெய்லரில் மூட்டைக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். களை எடுத்துவிட்டு வந்தவர்கள். காலில் கரிசல் அப்பி நடக்க முடியாமல் கை காட்டியிருப்பார்கள், அவரும் ஏற்றிவிட்டார். வண்டி ஓடைச் சரிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பாதையின் மேட்டிலேயே என் மொபெட் சிக்கிக்கொண்டது. அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது.

"நிறுத்துங்க! ஏ, நிறுத்துங்க! எல்லாரும் இறங்குங்க!"

சம்சாரி நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார். "என்ன பாய், பிள்ளையத் தொலைச்ச மாதிரி ஓடி வருதீங்க?"

"மொதல்ல ஆள இறக்குங்க. பெறவு பேசுங்க."

"இறங்குனா மறுபடியும் இந்தச் சேத்துல நாங்கதான் நடக்கணும்" என்று ஒரு அம்மா சடைத்துக்கொண்டார்.

"எம்மா, உங்க கால்ல விழுதேன், இறங்குங்க. பின்னால இருக்கவங்க மொதல்ல. ஆடாம, மெதுவா."

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் கால் ஊன்றுகிற வரை நான் ஏர்க்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிடியில் என்ன நிற்கப்போகிறது? பைத்தியக்காரத்தனம்தான். விட மனசில்லை.

சம்சாரிக்கு வெடுவெடுவென்று கோபம். "நல்லா இழுத்துக்கிட்டு வந்த வண்டிய விக்க மனசில்லன்னா சொல்லிட்டுப் போங்களேன். இப்ப பாருங்க" என்று ஜீப்பை முறுக்கினார். நான் விலகினேன். ஓடைச் சரிவுக்குப் போய்ச் சேரவில்லை. படாரென்று ஒரு சத்தம். டிரெய்லரின் மூக்கு சேற்றில் குத்தியது, மூட்டைகள் முன்னால் சரிந்து விழுந்தன, சடைத்துக்கொண்ட அம்மாவின் தூக்குவாளி மூட்டைக்கு அடியில் சப்பளிந்தது. ஏர்க்கால் மட்டும் ஜீப்போடு கொஞ்ச தூரம் போனது.

அந்த அம்மா வாளியைப் பார்த்தபடி நின்றார், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் முட்டி போட்டு, பிய்ந்த மூட்டு இடத்தைப் பார்த்தேன். பொட்டுப் பொட்டாக வைத்த நெருப்பு. பிய்ந்த இடத்தில் பெயிண்ட் செதிலாக உரிந்து, அதற்கடியில் வெள்ளையாக உங்கள் வட்டம். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். நீங்கள் எனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் வைத்திருந்தீர்கள் அண்ணாச்சி. அதன் மேல்தான் சிவப்பு ஏறிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

"செத்தவர குத்தம் சொல்லக் கூடாது," என்றார் சம்சாரி, "ஆனா இந்த வேலையப் பாத்துட்டு அவர நல்ல வேலைக்காரருன்னு எப்படிச் சொல்ல?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "வாய அளந்து பேசுங்க. இது அவிய செஞ்ச வேலை இல்ல, செய்யாம விட்ட வேலை. இந்த வட்டத்தப் பாருங்க. முடியலன்னு அவியளே போட்டு வச்சது."

"அப்ப அதுக்கு மேல பெயிண்ட் அடிச்ச புண்ணியவான் யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார்.

"நான்தான்" என்றேன். "சீக்கிரம் வித்துடலாம்னு நான்தான் அடிச்சேன்."

சம்சாரி காறித் துப்பிவிட்டு, ஏர்க்காலைக் கழற்றிப் போட்டு, மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். சரியாகத்தான் செய்தார், நான் அவராக இருந்தால் கை நீட்டியிருப்பேன்.

மதினிக்குத் தெரியாமல் வேறு பட்டறை ஆளைக் கூட்டி வந்து, உங்கள் முறைப்படியே பொட்டு வைத்து, வெறும் வண்டியைச் சேற்றில் இழுத்தோம். இடது பக்கம் இழுத்தது. திருப்பி வைத்து முழுசாகப் பற்றவைத்தோம். பெயிண்ட் அடிக்காமல் சம்சாரிக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டாம் முறை கூப்பிட்டதற்குத்தான் வந்தார். பற்றவைத்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார், அவரே சுத்தியலால் அடித்துப் பார்த்தார். முன்னைவிட அதிக மூட்டை ஏற்றி ஓடையில் இறக்கி ஏற்றினார். "இனிமே பெயிண்ட அடிங்க" என்று மட்டும் சொன்னார்.

பிரஷை மதினியிடம் கொடுத்தேன். "சேத்துல உரசி இங்கன மட்டும் போயிட்டு. நீங்களே அடிச்சிருங்க." அவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினார்கள்.

"பூசைக்கு அடிச்சப்ப இந்த எடத்துல மட்டும் பெயிண்டு ஒட்டவே மாட்டேன்னுட்டு, அண்ணே. ஏதோ வெள்ளையா வந்துக்கிட்டே இருந்துச்சு. நானும் விடாம மேல மேல அடிச்சேன்."

"இப்ப ஒட்டும் மதினி" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உங்கள் பட்டறை மேசையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டு எடுத்து வந்திருக்கிறேன், கேட்காமல்தான். சட்டைப்பையில் கிடக்கிறது. எந்த வண்டியில் புதுச் சிவப்பைப் பார்த்தாலும் நகம் தானாகச் சுரண்டப் போகிறது. காசுக்கு அவசரப்பட்டு ஆளைக் கொல்லப் பார்த்த பாய் என்று பசுவந்தனை வரைக்கும் பேசிக்கொள்கிறார்களாம். பேசிவிட்டுப் போகட்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெயிண்டை அடித்தது நான். மதினி உங்களிடம் வந்து சேர்கிற அன்றைக்கு, அவர்கள் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.